அரைமலையில் ஓர் அரைநாள்

முதுகலைத் தமிழ் மாணவியர்க்குக் கல்வெட்டியல் ஒரு தாள். அதில் வட்டெழுத்து ஒரு பகுதி. ஆண்டுதோறும் அதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். கரும்பலகை வட்டெழுத்தைப் போல் உயிரற்ற பொருள் உலகில் பிறிதொன்றில்லை! ஆகவேதான் கல்லையே காட்டிவிடுவது என்று துணிந்து, சென்ற தை மாதத்தில் ஒருநாள் நண்பகல் வகுப்பு முடிந்ததும் 14 மாணவியரோடு கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் நின்றோம்.

கழுகுமலை அங்கிருந்து சங்கரன்கோவில் சாலையில் 20 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. முழுநாள் கேட்டோம், அரைநாள் கிடைத்தது. மாலை 6 மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது நிபந்தனை. பட்டியலில் இருந்தவர் 23 பேர். வராத 9 பேரில் ஒருவர்க்கும் உடல்நலக் குறைவில்லை. வீட்டில் விடவில்லை, அவ்வளவுதான். பணமும் காரணமன்று. 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்ட பிறகு, இப்பயணத்தின் முதன்மையான செலவு கடலைமிட்டாய்தான். (கோவில்பட்டி வரை வந்து அதை வாங்காமல் செல்வது இலக்கணப் பிழை.)

மலையில் முதலில் வெட்டுவான் கோயில். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. எல்லோராக் கயிலாயநாதர் கோயில்போல் மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய ஒற்றைக்கல் தளி. விமானத்தின் தென்புறத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். கீழ்ப்பகுதி முற்றுப்பெறவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் ஏற்பட்ட போட்டியில் மகன் உயிர் போயிற்று, பணியும் நின்றது என்பது ஊரார் கதை. மாணவியர் படம் எடுத்து முடிக்க அரைமணி ஆயிற்று. எடுக்கட்டும்.

எங்கள் நாட்டமெல்லாம் சமணப் பாறையின் மேல். வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள், அம்பிகை இயக்கி, பார்சுவநாதர், பாகுபலி. அவற்றின் அடியில் வட்டெழுத்துப் பொறிப்புகள் ஏறத்தாழ நூறு. இம்மலைக்கு அரைமலை என்று பெயரிருந்ததை அவையே சொல்கின்றன. இன்னார் செய்வித்த திருமேனி, இன்னார் மாணாக்கர் இன்னார் என்ற அளவில் பெரும்பாலானவை முடிந்துவிடும். மெய்க்கீர்த்தி இல்லை, போர் இல்லை. பெயர், ஊர், ஆசிரியர் பெயர். ஏதோ வருகைப் பதிவேட்டைப் படிப்பது போலிருக்கும்.

அட்டவணை நகலைக் கையில் வைத்துக்கொண்டு பாறையோடு மல்லுக்கட்டிய மாணவியர் அரைமணியில் மூன்று எழுத்துகளைக் கண்டனர். பிறகு நாம் எடுத்துச் சென்றிருந்த அச்சுப் படியைப் படித்துக் காட்டினோம். குரவர் என்பதன் பெண்பாலான 'குரத்தி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. திருச்சாரணத்துக் குரத்தி என்று ஓரிடத்தில். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால். நேர்கோட்டில் அளந்தாலே 100 கிலோமீட்டருக்கு மேல். சமணத் துறவியர் ஊர்தி ஏறுவதில்லை. அவ்வம்மையார் நடந்தேதான் வந்திருக்க வேண்டும்.

"இவங்கள மட்டும் வீட்டுல எப்படி ஐயா விட்டாங்க?" என்றாள் ஒருத்தி. அதற்குள் மூன்றுமுறை அவளுடைய கைப்பேசி ஒலித்திருந்தது.

துறந்தவர்க்கு ஏது வீடு என்று சொல்லிச் சமாளித்தோம். அவ்விடை எங்களுக்கே நிறைவு தரவில்லை. கற்பதற்காக ஒரு பெண் வெளியே வரவேண்டுமானால் வீட்டையே துறந்தாக வேண்டும் என்றல்லவா அதற்குப் பொருள்?

கழுகுமலையில் பெண்கள் பல்கலைக்கழகமே இருந்தது என்று சிலர் எழுதுவதை நாம் ஏற்பதில்லை. கல் அவ்வளவு சொல்லவில்லை. பெண் ஆசிரியர் இருந்தனர், அவர்க்கு மாணாக்கர் இருந்தனர், அவ்வுறவு கல்லில் வெட்டத்தக்க பெருமையாக மதிக்கப்பட்டது. கல் சொல்லும் இவ்வளவே போதும். இதனைத் தேர்வுக்காக மனனம் செய்த மாணவி வேறு. பாறையின் முன் நின்று அவ்வாறு கேட்ட மாணவி வேறு. மலைக்கு வராத 9 பேர்க்கு நம்மால் அந்தக் கேள்வியைக் கொடுக்க இயலாது. குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் செய்தியன்று அது.

திரும்பும்போது பேருந்து வரத் தாமதமாயிற்று. மலையடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி கோயிலுக்குள் சென்று வரக்கூட மனமில்லாமல் சாலையையே பார்த்து நின்றோம். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து பிறந்த சந்நிதியை, காவடிச் சிந்து நடத்தும் ஆசிரியர் வாசலோடு விட்டுவந்த கதை இது! கைப்பேசிகள் ஓயவில்லை. ஒருத்தி மட்டும் கட்டணமில்லாச் சீட்டின் பின்புறத்தில் 'குரத்தி' என்று வட்டெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். ஓரெழுத்து பிழை, திருத்தவில்லை.

கோவில்பட்டி சேர 7 மணி கடந்துவிட்டது. மறுநாள் எம்மிடம் எழுத்துவழி விளக்கம் கேட்கப்பட்டது. பாதுகாப்பு பற்றிய கவலையை நாம் எள்ளி நகையாடவில்லை. பெற்றோர் அச்சம் நாமும் அறிந்ததே. ஆனால் அச்சத்திற்கு மருந்து தனி ஊர்தி, உடன்வரும் ஆசிரியர் இருவர், முன்கூட்டியே பெற்றோருடன் ஒரு சந்திப்பு. இம்மூன்றில் ஒன்றையும் செய்யாமல், 'இனி வெளிப்பயணங்கள் வேண்டா' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. வகுப்பறையில் இருக்கும் மாணவி பத்திரமாக இருக்கிறாள் என்பது உண்மைதான். எதைக் கற்காமல் பத்திரமாக இருக்கிறாள் என்பதை யாரும் பதிவேட்டில் குறிப்பதில்லை.

வரும் தை மாதத்துக்கு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறோம். சென்றமுறை 'கல்விச் சுற்றுலா' என்று எழுதியது எம் பிழை. இம்முறை 'செய்முறை வகுப்பு, இடம்: கழுகுமலை, நேரம்: காலை 9 முதல்' என்று எழுதியுள்ளோம். உடன் வரும் ஆசிரியர் இருவர் பெயரும் அதில் உண்டு. கோப்பு இன்னும் மேசையில்தான் இருக்கிறது.