தோலோடு நில்லாத நோய்

லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் குருக்களாகிய எங்களுக்குச் சற்றுக் கூச்சம் உண்டாகும். தோலில் தடிப்பு கண்டவன் சென்று நிற்கவேண்டிய இடம் மருத்துவன் வீடன்று, குருவின் முன்னிலை. அவர் நோக்கி, ஏழு நாள் அடைத்துவைத்து, மீண்டும் நோக்கித் தீர்ப்புக் கூறுவார். நம் மொழிபெயர்ப்புகளில் தொழுநோய் என வரும் அவ்வெபிரேயச் சொல் உண்மையில் பலவகைத் தோல் நோய்களுக்கும், ஆடையில் படரும் பூசணத்துக்குங்கூடப் பொதுவானது.

சொரியாசிஸ் எனப்படும் செதில் நோயும் அப்பெயருக்குள் அகப்பட்டு நெடுங்காலம் பழி சுமந்தது. 1841-இல் வியன்னா நகரத்து மருத்துவர் ஹெப்ரா அது தொழுநோயன்று எனத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். ஆயினும் திருப்பலியில் சமாதானம் பகிரும் வேளையில், பிறர் கூசுவரோ என அஞ்சிக் கைகளை மறைத்துக்கொள்வோர் இன்றும் நம்மிடையே உளர். அன்பர்களே, இந்நோய் தொற்றாது. கரம் பற்றினாலும், ஒரே தட்டில் உண்டாலும் தொற்றாது. உடலின் எதிர்ப்பு ஆற்றல் நெறிதவறித் தூண்டப்படுவதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிரவேண்டிய தோலணுக்கள் சில நாட்களிலேயே மேலெழுந்து வெண்செதில்களாகக் குவிகின்றன.

"ஒட்டுமா?" என்று கேட்பதோடு குடும்பங்கள் நின்றுவிடுகின்றன. "இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்பார் அரியர். தோலில் காணும் அழற்சி தோலோடு நில்லாது. அதனை மூட்டும் பொருட்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலைக்கு இடையூறு செய்கின்றன. இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் கெடுக்கின்றன. வயிற்றில் சேரும் கொழுப்போ தானும் அத்தகைய பொருட்களைச் சுரந்து தோல் நோயை வளர்க்கிறது. ஆகவேதான் இந்நோயாளரிடையே நீரிழிவு, இரத்த அழுத்தம், கல்லீரல் கொழுப்பு ஆகியவை பிறரைவிட மிகுதி. பிரித்தானிய நோயாளர் 1,30,000-க்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை, மாரடைப்பு அபாயமும் இவர்களுக்குக் கூடுதல் என்றும், நோய் கடுமையாயுள்ள இளவயதினரிடம் அது பெரிதும் மிகுகிறது என்றும் காட்டியது.

இதில் நம் பங்கும் உண்டு. ஊரார் பார்வைக்கு நாணி வீட்டுக்குள் அடைந்தவர் நடப்பதில்லை, உடல் பருக்கிறது. சிலர் ஆறுதல் தேடி மதுவை நாடுகின்றனர். அது தோலையும் கல்லீரலையும் ஒருசேரக் கெடுக்கும். வேறு சிலர் விரைவில் குணம் என்று விற்கப்படும் பெயரில்லாப் பொட்டலங்களை வாங்குகின்றனர். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. உட்கொள்ளும் நாள்வரை செதில் மறையும், சர்க்கரை ஏறும். திடீரென நிறுத்தினாலோ நோய் சீழ்க்கொப்புளங்களாக வெடித்து உயிருக்கே ஊறு விளைக்கக்கூடும். எனவே மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டு மாத்திரையையும் தாமாக நிறுத்தலாகாது.

நீரிழிவுக்கு ஒரு மருத்துவரிடமும் தோலுக்கு வேறொருவரிடமும் செல்வோர், இரண்டு நோயையும் இருவரிடமும் கூறுதல் வேண்டும். பலர் கூறுவதில்லை. பருத்த உடலினர் எடையைக் குறைத்தால் தோலும் தணிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு நோயாளிக்கெனத் தனிப்பானை வைக்க வேண்டா. சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுதல் வீடு முழுவதற்கும் ஆகும். இடுப்புச் சுற்றளவு நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எட்டிவிட்டால், சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு மூன்றையும் சோதித்தறிய வேண்டும். தையற்காரரின் அளவுநாடா அதற்குப் போதும்.