வேகம் வேறு, சுகம் வேறு

மோட்டார் வண்டியைப் பற்றி வழங்கிவரும் அபிப்பிராயங்களுக்குள், விலையும் குதிரைசக்தியும் ஏற ஏற ஓட்டுகிறவனுடைய ஆனந்தமும் அதே விகிதத்தில் ஏறிவிடும் என்பதைப் போல, ஆதாரம் ஏதுமின்றி ஆழமாக வேரூன்றிவிட்டது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வக்கில்லாதவன் மனத்தைத் தேற்றிக்கொள்ள வாங்குவதே வேகமான சிறு ஹேட்ச்பேக் என்று பரிகாசம் பண்ணுவோரும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் இவ்விரண்டில் ஒன்றையாவது ஒரு மலைப்பாதையில் மனம்விட்டு ஓட்டியிருப்பார்கள் என்பது சந்தேகம்.

ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துப் பொறியாளர் சிலர், 1974-இல், மேலிடத்தின் அனுமதியைக்கூடக் கேளாமல், குடும்பஸ்தர்களுக்கென்று அமைந்த கோல்ஃப் வண்டிக்குள் கொஞ்சம் வேகத்தைப் புகுத்திப் பார்க்க முற்பட்டதன் பலனாகப் பிறந்ததே கோல்ஃப் ஜி.டி.ஐ. என்ற வேகமான சிறு ஹேட்ச்பேக். ஐயாயிரம் வண்டி விற்றால் போதும் என்று நிர்வாகத்தார் போட்ட கணக்குப் பொய்த்து, அதன் முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் விற்றது. 110 குதிரைசக்தியும், 800 கிலோவைச் சற்றே தாண்டிய எடையுமே அதன் மூலதனம்.

இதற்கு எதிரில் 2020-இல் வந்த போர்ஷே 911 டர்போ எஸ் வண்டியை வைத்துப் பார்ப்போம். 650 குதிரைசக்தி, நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட மூன்று வினாடிகூட வேண்டாம். பிரமாதமான யந்திரம், மறுக்கவில்லை. ஆனால் பிரான்ஸ் தேசத்துக் கிராமச் சாலைகளில் பெரும்பாலானவற்றில் சட்டம் அனுமதிப்பது 80 கிலோமீட்டர்தான் என்னும்போது, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும் பாக்கியம் அதன் சொந்தக்காரருக்கு எத்தனை க்ஷணம் கிட்டும்? மிதித்த காலை எடுக்காவிட்டால் அபராதம், எடுத்துவிட்டால் யந்திரத்தின் பெரும்பகுதி உறக்கம். வேல்ஸ் நாட்டில் இருபுறமும் வேலி நெருக்கும் சந்துச் சாலையிலோ, கண்ணாடிகளை விட்டுவிட்டே 1.9 மீட்டர் அகலமுள்ள அவ்வண்டியை எதிரே வரும் டிராக்டரின்மேல் உரசாமல் கொண்டுபோவதே பெரும்பாடு.

அதே சாலையில் 1984-இல் வந்த பெஜோ 205 ஜி.டி.ஐ. போகும் அழகே தனி. அகலம் 1.6 மீட்டருக்கும் உள்ளே. ஆகவே சாலைக்குள்ளேயே தனக்கென்று ஒரு வழியைத் தேர்ந்துகொள்ள ஓட்டுகிறவனுக்கு இடம் இருக்கிறது. இரண்டாம் கியரில் யந்திரம் வீறிட, வளைவுக்குள் நுழைந்ததும் வண்டி ஒருபுறம் சாய்ந்து, உட்புறப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். அந்நிலையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினால், பாரம் முன்புறம் சென்று முன் டயர்கள் சாலையைக் கவ்வ, லேசாகிவிட்ட பின்புறம் மெல்ல வெளியே வழுக்கி வண்டியின் மூக்கை வளைவுக்குள் திருப்பிவிடும். ஸ்டியரிங்கால் மட்டுமன்றிப் பாதத்தாலும் வண்டியைத் திருப்பும் இந்த வித்தையை, உயிருக்கு உலைவைக்காத வேகத்திலேயே பயில முடிகிறது. (பதறிப்போய்க் காலை அடியோடு எடுத்தவர்கள் வேலிக்குள் போய் விழுந்ததும் உண்டு, அந்த வண்டிக்கு அப்படியொரு கியாதி.)

இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரங்களின் தலையிலேயே விழுவதால் இத்தகைய வண்டி ரசிகனுக்கு ஆகாது என்று பண்டிதர்கள் ஆட்சேபிப்பார்கள். ஆனால் மினி கூப்பர் எஸ்ஸும் முன்சக்கரம் இழுக்கும் வண்டிதான். 1964-இல் மான்டே கார்லோ பந்தயத்தில் பெரிய பெரிய யந்திரங்களைப் பின்தள்ளி வென்றது. வேகவரம்பற்ற ஆட்டோபான் சாலையிலும் பந்தயத் திடலிலும் ஸ்போர்ட்ஸ் காரே ராஜா என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ராஜ்யத்தில் நம்மில் எத்தனை பேர் வசிக்கிறோம்?

விசனம் என்னவென்றால், குதிரைசக்தி ஏறினால் ஆனந்தமும் ஏறும் என்ற இந்த மூடநம்பிக்கை வண்டி செய்கிறவர்களையும் பற்றிக்கொண்டுவிட்டது. மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் என்ற ஹேட்ச்பேக் 421 குதிரைசக்தியையும் ஒன்றரை டன் எடையையும் சுமந்துகொண்டு, போர்ஷேக்கு உள்ள அதே வியாதியால் அவதிப்படுகிறது. மலிவில் மகிழ்ச்சி தந்த ஃபோர்டு ஃபியெஸ்டாவின் உற்பத்தி 2023-இல் நின்றுபோயிற்று. நல்ல 205 ஜி.டி.ஐ. வண்டிகளையோ சேகரிப்போர் விலையை ஏற்றி வாங்கி, மழை படாமல் போர்வை போர்த்திக் கொட்டகையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.