பொறுத்தார் பூமி ஆள்வாரா?



சம்பளப் பேச்சுவார்த்தை நெருங்கும் போதெல்லாம் நமக்குப் புகழ்ச்சி கூடிவிடுகிறது. மேடையேறுகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, கம்பனிக்காரராக இருந்தாலும் சரி, பாடம் ஒன்றுதான். மலையக மக்கள் பொறுமைசாலிகள், விசுவாசமானவர்கள், அடக்கமானவர்கள். கைதட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பினால் கூரைத் தகரத்தில் அதே ஓட்டை.

கூடையில் கொழுந்தோடு முற்றின இலை கலந்திருந்தால் நமது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டே விரலால் கண்டுபிடிப்பார்கள். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் பச்சைதான். குணங்களும் அப்படியே. நமக்குச் சூட்டப்படும் இந்த நல்ல பெயர்களையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்காகக் கண்டி வட்டாரக் கிளையினராகிய நாம் மஹய்யாவயிலிருந்து இதை எழுதுகிறோம். ஏன் மஹய்யாவ என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் பொறுமை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நமக்கு அடிக்கடி சொல்கிறார்கள். 1823இல் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு 2023இல் இருநூறு வருடம் என்று நினைவுகூர்ந்தோம். இருநூறு வருடம் பொறுத்தவர்களுக்கு ஒதுக்கிய பூமி ஏழு பேர்ச். அதற்கும் உறுதி கைக்கு வராமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். வள்ளுவரையும் இழுக்கிறார்கள். பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர் மானத்துக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார் என்பது அந்த மேடைகளில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அந்தப் பொறுமை அதிகாரத்தைத்தான் படித்துப் பாருங்களேன். பொறுத்தவனை ஒறுத்தவனோடு வைத்துப் பேசுகிறார். திருப்பிச் செய்யச் சக்தி உள்ளவன் கையை அடக்கிக்கொண்டால் அதற்குப் பெயர் பொறுமை. செக்ரோலில் பேர் வெட்டுப்படும் என்று நடுங்கி வாயை மூடுகிறவன் பொறுமைசாலி அல்ல. அவன் பயந்திருக்கிறான், அவ்வளவுதான். பயப்படுவது குற்றமில்லை. அந்தப் பயத்தைப் பிடித்து மாலை போட்டு ஊர்வலம் விடுவதுதான் மோசடி.

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் பொறுமை இல்லாதவர்களா? சம்பள உயர்வு கேட்டார்கள், சங்கம் சேர்ந்தார்கள், வேலையை நிறுத்தினார்கள். கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்து விழுந்தார். விசாரணை ஆணைக்குழு முன் அவருடைய மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவுக்கு வெள்ளைக்கார ஆட்சி பதில் சொல்லவேண்டி வந்தது. அந்தப் பெண் ஆணைக்குழு முடியும் வரை காத்திருந்தாரே, அது பொறுமை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

நம் காலத்துக்கு வருவோம். நாட்சம்பளம் 1000 ரூபா என்ற கோரிக்கை 2015இல் எழுந்தது. 2016 ஒப்பந்தத்தில் எல்லாம் சேர்த்து 730 ரூபா. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. இடையில் 2018 ஒக்டோபரில் நம் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு காலிமுகத்திடலில் கூடினார்கள். 1000 ரூபா சம்பள நிர்ணயச் சபை மூலம் வந்தபோது 2021 மார்ச் ஆகிவிட்டது. அடுத்த வருடமே நாட்டின் நெருக்கடியில் மாவும் மண்ணெண்ணெயும் அந்த ஆயிரத்தை விழுங்கின. 1350 ரூபாவுக்கு 2024 வரை காத்திருந்தோம். காத்திருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் விலை உண்டு. அந்த விலையை யார் கட்டுகிறார்கள், யாருக்கு மிச்சமாகிறது என்று கேளுங்கள். நமது பொறுமையால் எப்போதும் இன்னொருவனுக்கே இலாபம் என்றால் அந்தப் பொறுமையைச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

விசுவாசம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1921இல் சட்டம் மாறும் வரை கடன் எழுதிய துண்டு இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. கட்டிப் போட்ட மாடு ஓடவில்லை என்பதற்காக அதற்கு விசுவாசப் பட்டம் கொடுத்தார்கள். இன்று துண்டு இல்லை. ஆனால் வேலையை விட்டால் காம்பராவும் போய்விடுமோ என்ற பயம் இருக்கிறது. பிள்ளைகள் கொழும்புக்கும் கண்டிக்கும் கடை வேலைக்குப் போனால் உடனே 'நன்றி கெட்டவர்கள்' என்கிறார்கள். எதற்கு நன்றி?

பெண்களுக்கு வேறு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: அடக்கம், சகிப்பு, சிக்கனம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிறுத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். தராசில் இரண்டு கிலோ குறைகிறதே என்று கேட்கிற பெண் வாயாடியாம், கேட்காதவள் குணவதியாம். கடைசியாகச் சாப்பிட்டு, பானையில் மிச்சமில்லாவிட்டால் சாயத்தண்ணியோடு படுக்கும் தாயைச் சிக்கனமானவள் என்கிறோம். சிக்கனம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே அளவாக இருக்கவேண்டாமா? இதில் கம்பனியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீட்டு ஆண்களும் பதில் சொல்லவேண்டும்.

இனி மஹய்யாவ. இதுதான் பலருக்குக் கசக்கும்.

கண்டி மாநகர சபை 1865இல் ஏற்பட்டது. நகரத்தைக் கூட்டவும் கழிவு அள்ளவும் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும்தான் இன்றும் மஹய்யாவக் குடியிருப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களும் இவர்களும் கடந்தது ஒரே கடல். மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் வீதி இன்றும் கட்டுகஸ்தோட்டை தாண்டி மஹய்யாவ வழியாகத்தான் நகருக்குள் நுழைகிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியபோது கொழுந்துக் கூடை வேறு, விளக்குமாறு வேறு என்று பார்க்கவில்லை. பெரஹரா பார்க்க உலகமே கண்டிக்கு வருகிறது. எல்லோரும் தூங்கப் போனபிறகு வீதியில் குனிந்து நிற்பவர்கள் இவர்கள். 2020இல் ஊரடங்கு போட்டு நாடே கதவை மூடியபோது தோட்டத்தில் மலைக்குப் போனவர்கள் நாம், நகரத்தில் குப்பை அள்ளியவர்கள் இவர்கள். அப்போதும் இரண்டு பேருக்கும் 'கடமை வீரர்' என்ற பட்டம் மட்டும் கிடைத்தது.

இப்படி இருக்க, கண்டிக்கு வேலைக்கு வரும் நம் தோட்டத்துப் பையன் மஹய்யாவயில் அறை எடுத்தால் ஊரில் சொல்ல வெட்கப்படுகிறான். மஹய்யாவப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வேறு முகவரி எழுதுகிறது. இதெல்லாம் ஊரறிந்த கதை. கலியாணப் பேச்சில் அந்தப் பெயர் வந்தால் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவர்கள் நம்மவர்களிலேயே இருக்கிறார்கள். கேட்டால், 'எங்களுக்கென்று ஒரு மானம் மரியாதை இருக்கிறது' என்கிறார்கள்.

தோழர்களே, இங்கேதான் விரல் வைத்துப் பார்க்கவேண்டும். தன்மானமும் சாதித் திமிரும் ஒரே மாதிரித்தான் நிமிர்ந்து நிற்கும், ஒரே மாதிரித்தான் பேசும். ஆனால் தன்மானக்காரன் துரைக்கு முன்னாலும் நிமிர்ந்து நிற்பான். சாதித் திமிர் பிடித்தவன் பங்களா வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு, லயத்துக்கு வந்து அதை மாட்டிக்கொள்வான். காலையில் பெரட்டுக்களத்தில் வசை வாங்கிய மனிதன் சாயங்காலம் இன்னொரு வீட்டுத் தேத்தண்ணியைத் தொடமாட்டேன் என்றால், அவன் எந்த மானத்தைக் காப்பாற்றுகிறான்? நம்மைக் 'கூலி' என்று கூப்பிட்டவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்?

மஹய்யாவப் பிள்ளை முகவரியை மறைப்பதை அடக்கம் என்று சிலர் மெச்சுகிறார்கள். அடக்கம் என்பது தன்னிடம் உள்ளதைப் பெரிதாகக் காட்டாமல் இருப்பது. பிறந்த இடத்தை ஒளித்து வைக்கும்படி ஆக்கியவர்கள் வெளியே நிற்க, ஒளிப்பவன் குணத்தைப் புகழ்வது கொடுமை.

சத்தம் போடுவதெல்லாம் தைரியம் என்று நாம் சொல்ல வரவில்லை. சம்பள நாளில் சாராயத்தோடு வரும் வீராப்பு அடுத்த நாள் பெரட்டில் காணாமல் போகிறது. கூட்டத்தில் மேசையை அடித்துவிட்டு ஒபிசில் தலையாட்டுகிற தலைவர்களும் உண்டு, நமது சங்கத்தின் தலைவர்களையும் சேர்த்தே சொல்கிறோம். பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுப்பது சில நேரம் புத்திசாலித்தனம்தான். விட்டுக்கொடுத்ததா, விலைபோனதா என்று எப்படி அறிவது? தலைவர் எதை விட்டுக்கொடுக்கப் போகிறார் என்பதைச் சந்தா கட்டும் உறுப்பினர் கையெழுத்துக்கு முன்னால் கேட்டாரா, பின்னால் கேட்டாரா என்று பாருங்கள். அநேகமாக அதுவே போதும்.

ஆகவே கிளைத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் இரண்டு வேலை வைக்கிறோம். இந்த மாதம் முதல் ஒவ்வொரு நிறுவையிலும் தராசுக்குப் பக்கத்தில் நமது பெண் ஒருவர் நின்று, நிறையைத் தன் கொப்பியிலும் எழுதிக்கொள்ளட்டும். அடுத்து, தொழில் திணைக்களத்துக்கும் வழக்குகளுக்குமாகக் கண்டிக்கு வரும் தோட்டக் கமிட்டியினர் பஸ் நிலையத்துக் கடைகளில் காசைக் கொட்டவேண்டாம். கட்டுகஸ்தோட்டை பஸ் ஏறி மஹய்யாவயில் இறங்குங்கள். நமது நகரசபைத் தோழர்களின் வீடுகளில் பகல் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள், சோறு அளவாகப் போடவேண்டும்.