சோதனைக்கூடத்தின் எஜமானர் யார்?

2025 ஆகஸ்ட் 29 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றுச்சூழல் தணிக்கை விதிகளை அறிவிக்கையாக வெளியிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் ஆய்வுப் பணிகளில் பதிவு பெற்ற தனியார் தணிக்கையாளர்களும் இனி ஈடுபடுவர். மாதிரி எடுப்பது, பகுப்பாய்வு செய்வது, ஆலைகள் விதிகளைப் பின்பற்றுகின்றனவா எனச் சரிபார்ப்பது ஆகியவை அவர்களின் பணிகள். வாரியங்களில் போதிய ஆட்களும் கட்டமைப்பும் இல்லை என்பதே அரசு கூறும் காரணம்.

அந்தக் காரணம் பொய்யல்ல. மாநில வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாகக் கிடப்பது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் முன்பே வெளிப்பட்ட உண்மை. ஆனால், பணியிடங்களை நிரப்பாமல் விட்டவையும் அரசுகள். அந்த வெற்றிடத்தைக் காட்டித் தனியாருக்குக் கதவு திறப்பவையும் அரசுகள். பொதுத்துறையைப் பட்டினி போட்டு, பிறகு அது நோஞ்சான் எனக் கூறி ஒதுக்கும் வழிமுறை தொழிலாளி வர்க்கத்துக்குப் புதிதல்ல.

‘தனியாராக இருந்தால் என்ன, தரச் சான்று இருக்கிறதே’ என்ற பதில் உடனே வரும். அதைப் பரிசீலிக்க வேண்டும். சோதனைக்கூடங்களின் திறனுக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி 17025. அதன்படி இந்தியாவில் அங்கீகாரம் வழங்குவது என்ஏபிஎல். இந்தத் தரக்கட்டுப்பாடு வெற்றுச் சடங்கல்ல. கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையைக் கணக்கிட, மாதிரியைக் குளிரில் வைத்து விரைவில் ஆய்வகம் சேர்த்து, 27 டிகிரி வெப்பநிலையில் மூன்று நாள் வைத்து அளக்க வேண்டும். உலோகங்களை அளக்க, மாதிரியில் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதி மாதிரியுடனும் மாசே இல்லாத வெற்று மாதிரி, இரட்டை மாதிரி, அளவு தெரிந்த சான்றுப் பொருள் ஆகியவற்றையும் சோதித்தால்தான் கருவி காட்டும் எண்ணை நம்ப முடியும். இந்த ஒழுங்கைக் காக்கும் ஆய்வகத் தொழிலாளர்களின் உழைப்பு மதிப்புக்குரியது.

ஆனால், குறிப்பிட்ட சோதனையைக் குறிப்பிட்ட முறையில் செய்யும் திறன் இந்த ஆய்வகத்துக்கு உண்டு என்பதை மட்டுமே சான்றிதழ் சொல்கிறது. புட்டிக்குள் இருக்கும் நீர் எந்தக் குழாயிலிருந்து எடுக்கப்பட்டது, புகைபோக்கியில் மாதிரி எடுத்த நாளில் ஆலை முழு வீச்சில் ஓடியதா, அரை வீச்சில் ஓடியதா என்பவற்றுக்கு அது பொறுப்பேற்காது. என்ஏபிஎல் இயங்குவது இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் வழங்குவதும் அதே கவுன்சிலின் மற்றோர் அமைப்புதான். அந்தக் கவுன்சிலை 1990களில் அரசுடன் சேர்ந்து உருவாக்கியவை அசோசெம், சிஐஐ, ஃபிக்கி என்னும் மூன்று முதலாளிகள் சங்கங்கள். தொழிற்சங்கங்களுக்கோ, மாசின் விளைவைச் சுமக்கும் கிராமங்களுக்கோ அந்த அடித்தளத்தில் இடமில்லை.

திறன் இருந்தும் உண்மை வெளிவராது என்பதற்குக் குஜராத் சான்று. உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 1996 முதல் அங்கு மாசு அதிகமுள்ள ஆலைகளுக்கு ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் தணிக்கை கட்டாயமானது. ஆனால், அப்போது தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் ஊதியம் தந்ததும் ஆலை நிர்வாகமே. எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடன் இணைந்து, அகமதாபாத், சூரத் பகுதிகளைச் சேர்ந்த 473 ஆலைகளில் 2009 முதல் 2011 வரை ஒரு கள ஆய்வு நடத்தினர். புகையில் மிதக்கும் துகள்களுக்கான வரம்பு கனமீட்டருக்கு 150 மில்லிகிராம். பழைய முறையில் தணிக்கை செய்யப்பட்ட ஆலைகளில் 7 விழுக்காடு மட்டுமே வரம்பை மீறியதாக அறிக்கைகள் கூறின. அதே ஆலைகளில் மறு அளவீடு செய்தபோது, மீறியவை 59 விழுக்காடு! அறிக்கைகளில் கண்ட அளவுகளோ வரம்புக்குச் சற்றுக் கீழே குவிந்து கிடந்தன.

இன்னொரு பகுதி ஆலைகளில் முறை மாற்றப்பட்டது. தணிக்கையாளர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டார். ஊதியம் பொது நிதியிலிருந்து வந்தது. அளவீடுகளில் ஒரு பகுதி வேறொரு குழுவால் மீண்டும் சரிபார்க்கப்பட்டது. இரண்டாம் ஆண்டில் துல்லியத்துக்கேற்ப ஊதியம் அமைந்தது. மீறலை மறைத்துப் பொய்யாக எழுதுவது 80 விழுக்காடு குறைந்தது. ஆலைகள் வெளியேற்றிய மாசும் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரே தணிக்கையாளர் ஒரே ஆண்டில் இரு முறைகளிலும் பணியாற்றியபோது, ஒன்றில் உண்மையையும் மற்றொன்றில் பொய்யையும் எழுதினார். அவரது படிப்பும் திறனும் மாறவில்லை. கூலி கொடுக்கும் கை மாறியது. முதலாளித்துவப் பொருளியலுக்குள் நின்று ஆய்வு செய்தவர்களே எட்டிய முடிவு இது.

புதிய விதிகளில் தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதற்கு இடம் தரப்பட்டுள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஆனால், குஜராத் தந்த பாடத்தில் இது ஒரு பகுதியே. பொது நிதியிலிருந்து ஊதியம், சுதந்திரமான மறு அளவீடு ஆகியவையும் சேர்ந்தால்தான் அது பலன் தரும். தணிக்கைக்கு வெளியே, இசைவாணை நிபந்தனைகளின்படி ஆலைகள் தொடர்ந்து சமர்ப்பிக்கும் சோதனை அறிக்கைகளும் உள்ளன. ஆலை நிர்வாகம் தானே ஆய்வகத்தைத் தேர்ந்து, தானே பணம் கொடுத்துப் பெறும் அறிக்கைகள் அவை. குறைந்த கட்டணம், சிக்கலற்ற முடிவு ஆகியவற்றுக்கான போட்டியில் நேர்மையான ஆய்வகமே முதலில் வாடிக்கையாளரை இழக்கிறது.

போபால் படுகொலைக்குப் பின் வந்தது 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம். மாதிரியை எப்படி எடுத்து முத்திரையிடுவது, எந்த ஆய்வகத்தை அங்கீகரிப்பது, அரசுப் பகுப்பாய்வாளரின் அறிக்கையை எப்படிச் சாட்சியமாக ஏற்பது என அதன் 11 முதல் 14 வரையான பிரிவுகள் வகுத்தன. மீறுவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது 15ஆம் பிரிவு. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்தச் சிறைத் தண்டனையை நீக்கி, 10 ஆயிரம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என மாற்றியது. அபராதத்தைக் கட்டத் தவறினால்தான் சிறை என்ற பேச்சே எழும். பெருநிறுவனத்துக்கு 15 லட்சம் ஒரு செலவுக் கணக்கு மட்டுமே. ஒருபுறம் தண்டனையைத் தளர்த்தி, மறுபுறம் கண்காணிப்பைத் தனியாரிடம் தருவதுதான் ‘எளிதாகத் தொழில் செய்தல்’ என்ற முழக்கத்தின் உள்ளடக்கம்.

இதில் தொழிலாளர் பிரச்சனையும் அடங்கியிருக்கிறது. உயர்ந்த புகைபோக்கியில் ஏறி மாதிரி எடுப்பவர்களும், ஆய்வகத்தில் இரவு வரை கருவி முன் நிற்பவர்களும் பெரும்பாலும் பணிப் பாதுகாப்பற்ற இளம் பட்டதாரிகள். எண்ணை மாற்றி எழுத மறுத்தால் வேலை போகும் என்ற அச்சத்தில் இருப்பவரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆலைத் தொழிலாளர்களையோ நிர்வாகங்கள் வேறு விதமாக மிரட்டுகின்றன: மாசைப் பற்றிப் பேசினால் ஆலை மூடப்படும் என்கின்றன. வேலி தாண்டி ஊருக்குள் பரவும் அதே நஞ்சை முதலில் சுவாசிப்பவர் ஆலைக்குள் நிற்கும் தொழிலாளியே. உண்மையான அளவீடு அவரது உயிர்க் காப்பு. ஆலையை மூடுவதா, மூச்சை விடுவதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையை உருவாக்குவது, சுத்திகரிப்புக்குச் செலவிட மறுக்கும் மூலதனமே.

எனவே, வாரியங்களின் காலிப் பணியிடங்கள் அனைத்தும் நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்பப்பட வேண்டும். தொழில் மாவட்டங்கள்தோறும் பொதுத்துறை ஆய்வகங்கள் அமைய வேண்டும். சோதனைக் கட்டணத்தை ஆலைகள் வாரியத்தின் பொது நிதியில் செலுத்த, ஆய்வகத்தை வாரியமே ஒதுக்க வேண்டும். முடிவுகளுடன் மூலத் தரவுகளும் மாநில மொழிகளில் வெளியிடப்பட வேண்டும். மாதிரி எடுக்கும்போது தொழிற்சங்க, ஊராட்சிப் பிரதிநிதிகள் உடனிருக்கும் உரிமையும், பொய் எழுத மறுக்கும் ஆய்வகத் தொழிலாளர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். அறிக்கையைத் திரிப்பது குற்றவியல் குற்றமாகக் கருதப்பட வேண்டும்.

கோரிக்கைகளை எழுப்புவதோடு கட்சிக் கிளைகளின் பணி முடிந்துவிடாது. தொழிற்பேட்டைகளில் இயங்கும் தோழர்கள் சோதனை அறிக்கையை வாசிக்கக் கற்க வேண்டும். மாதிரி எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் முன்னிலையில் எடுக்கப்பட்டது? அன்று ஆலையின் உற்பத்தி எவ்வளவு? ஆய்வகம் சேரும் வரை மாதிரி எப்படிப் பாதுகாக்கப்பட்டது? அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு அந்த ஆய்வகத்துக்கு அங்கீகாரம் உண்டா? தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கேட்கலாம். கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் எழுப்பலாம். அறிவியலை நிபுணர்களின் தனியுடைமையாக விட்டுவிட்டால், அது கூலி கொடுப்பவரின் பக்கமே பேசும். அதை மக்களின் கண்காணிப்புக்குள் கொண்டுவருவதும் வர்க்கப் போராட்டத்தின் பகுதியே.