முட்டை, கூடை, டயாலிசிஸ் அட்டவணை

ஈஸ்டர் நெருங்கும் வாரங்களில் எங்கள் குழந்தைகள் சிறுநீரகப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். "டாக்டர், இந்த வருடம் பண்டிகையே வேண்டாமென்று விட்டுவிடட்டுமா?" என்பது ஒன்று. "ஒரு நாள்தானே டாக்டர், ஆசைப்பட்டதைச் சாப்பிட்டுக்கொள்ளட்டுமே?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நான் தரும் விடை 'வேண்டாம்' என்பதே. முதல் கேள்வி குழந்தையின் மனத்துக்குத் தீங்கு செய்கிறது. இரண்டாவது கேள்வி சில வேளைகளில் அதன் உயிருக்கே தீங்கு செய்கிறது. இரண்டுக்கும் நடுவே நல்ல வழியொன்று உண்டு என்பது என் கருத்து. தீபாவளிக்கும் ரமலானுக்கும் இது பொருந்துமெனினும், வரவிருப்பது ஈஸ்டர் ஆகையால் அதை முன்னிட்டே எழுதுகிறேன்.

குணமான பிறகு கொண்டாடலாம் என்று குழந்தையிடம் சொல்வது அன்பினால்தான். ஆனால் நாங்கள் மருத்துவம் பார்க்கும் நோய்களின் இயல்பு வேறு. நெஃப்ராடிக் சிண்ட்ரோம் பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. தணிந்து, மீண்டும் தலைதூக்கி, பல ஆண்டுகள் உடன்வருகிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் குழந்தை மாற்றுச் சிறுநீரகத்துக்காக எவ்வளவு காலம் காத்திருக்க நேரும் என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. நான்கு வயதில் தள்ளிவைத்த பண்டிகை பத்து வயதில் திரும்பி வராது; முட்டையை ஒளித்துவைத்துத் தேடும் வயது அதற்குள் கடந்துவிடும். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பண்டிகையைக் கைவிடும் வீட்டில் உடன்பிறந்த குழந்தையும் அதை இழக்கிறது. "அண்ணனுக்கு உடம்பு சரியில்லை" என்ற காரணத்தால் தனக்குக் கூடை கிடைக்கவில்லை என்று தங்கை எண்ணுகிறாள். தன்னால்தான் வீடு இருண்டது என்று அண்ணன் எண்ணுகிறான். இந்த எண்ணத்துக்கு எங்களிடம் மாத்திரை இல்லை.

ஈஸ்டர் கூடை நம் ஊர் வழக்கமன்று. ஜெர்மானியக் குடும்பங்களில் குழந்தைகள் தொப்பியையோ வைக்கோலையோ கூடுபோல் அமைத்து வைப்பர். ஈஸ்டர் முயல் அதில் முட்டையிட்டுச் செல்லும் என்பது நம்பிக்கை. முட்டைகளை ஒளித்துவைக்கும் முயலைப் பற்றி 1682-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தவர் ஒரு மருத்துவர். கேயோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ் என்பது அவர் பெயர். (எங்கள் தொழிலார் அன்றும் இத்தகைய செய்திகளில் தலையிட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.) அவ்வழக்கம் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்களோடு அமெரிக்காவுக்குச் சென்றது. போலந்திலோ கூடை குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று. முட்டை, ரொட்டி, உப்பு, இறைச்சி ஆகியவற்றைக் கூடையில் வைத்துப் புனித சனிக்கிழமையன்று ஆலயத்துக்கு எடுத்துச் சென்று ஆசி பெற்றுவருவர். உக்ரைனில் மெழுகினால் கோலமிட்டு முட்டைக்குச் சாயமேற்றும் கலையை 2024-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் உண்டு. இவற்றுள் எதிலும் சாக்லேட் இல்லை. பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனம் பிரிட்டனில் முதல் சாக்லேட் முட்டையைச் செய்தது 1873-இல்தான். அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் ஈஸ்டர் முட்டை என்றால் கோழி முட்டைதான். தவக்காலத்தில் முட்டையை விலக்கியிருந்தவர்கள் பண்டிகையன்று அதை மீண்டும் உண்டார்கள். அதுவே அதன் சிறப்பு. ஆகவே கூடையிலிருந்து சாக்லேட்டை எடுத்துவிடும் தாய் மரபைக் குலைத்துவிட்டதாக வருந்த வேண்டியதில்லை. அவர் பழைய மரபுக்குத்தான் திரும்புகிறார்.

டயாலிசிஸ் குழந்தைக்கு இது வெறும் ஆறுதல் அன்று. சாக்லேட்டில் பொட்டாசியமும் பாஸ்பரசும் மிகுதி. பேக்கரிகளில் ஈஸ்டருக்கென்றே கிடைக்கும் மார்சிபான் முட்டை பாதாமும் சர்க்கரையும் சேர்ந்தது, அதுவும் அப்படியே. முந்திரியில் செய்தாலும் கதை மாறாது. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவோ நல்ல புரதம் கொண்டது. பாஸ்பரஸ் அதில் மிகக் குறைவு, ஏறக்குறைய முழுவதும் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. டயாலிசிஸில் புரதத்தை இழக்கும் குழந்தைக்கு நாங்களே எழுதிக்கொடுக்கும் உணவு அது. மஞ்சள் கரு எத்தனை என்பதை மட்டும் உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயத் தோலைப் போட்டு அவித்தால் முட்டை செம்பழுப்பாகும், பீட்ரூட்டில் இளஞ்சிவப்பாகும், மஞ்சள்தூளில் சிறிது வினிகர் சேர்த்தால் பொன்னிறமாகும். கடைச்சாயம் தேவையில்லை. ஆனால் நம் வெயிலை மறக்கலாகாது. அவித்த முட்டை சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் வெளியில் இருந்தால் உண்ணத் தக்கதன்று. தேடுவதற்குச் சில, உண்பதற்குச் சில என்று தனித்தனியே வைத்துவிடுவது நல்லது.

இனி, நான் மிகவும் அஞ்சும் செய்திக்கு வருகிறேன். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்வோர் திங்கள், புதன், வெள்ளி என்றோ செவ்வாய், வியாழன், சனி என்றோ வருகின்றனர். எந்த வரிசையில் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நீண்ட இடைவெளிக்குள் விழுகிறது. இரத்தத்தில் பொட்டாசியமும் உடம்பில் நீரும் வேறெந்த நாள்களையும்விட மிகுதியாகச் சேரும் நாள்கள் அவை. ஈஸ்டரோ எப்போதும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகிறது. அதற்கு முன்னே பெரிய வெள்ளி. நண்பகல் முதல் மூன்று மணி வரை நீளும் ஆராதனைக்காக வெள்ளிக்கிழமை டயாலிசிஸை விட்டுவிட்டால் புதன் முதல் திங்கள் வரை ஐந்து நாள் இடைவெளி உண்டாகிறது. வாரம் இருமுறை மட்டுமே வரும் குழந்தைக்கு அது ஒரு வாரமாகவே ஆகிவிடலாம். அந்த இடைவெளிக்குள் விருந்து; சித்திரை வெயிலுக்கு இதமென்று உறவினர் அன்போடு வெட்டிக்கொடுக்கும் இளநீர். இளநீர் எங்கள் நோயாளிகளுக்கு மருந்தன்று. பொட்டாசியம் நிறைந்த பானம். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். முன்னறிவிப்பு ஏதுமின்றியே தடுமாறக்கூடும்.

ஆகவே பெரிய வெள்ளியின் முறையை எக்காரணத்துக்காகவும் தவறவிடாதீர்கள். காலை முறைக்கு மாற்றித்தர இயலுமா என்று இரண்டு வாரங்களுக்கு முன்பே பிரிவின் செவிலியரிடம் கேளுங்கள். முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் வழி பிறக்கும். விரதம் பற்றியும் ஐயம் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டமே ஒருசந்தியைப் பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குத்தான் விதிக்கிறது. இறைச்சி தவிர்ப்பதைப் பதினான்கு வயது நிறைந்தவர்களுக்கு. நோயுற்ற குழந்தையைப் பட்டினி போடும்படி எந்தப் பங்குத்தந்தையும் போதகரும் கேட்டு நான் அறியேன்.

ஸ்டீராய்டு உட்கொள்ளும் குழந்தையின் நிலை வேறு. அதற்குப் பொட்டாசியம் பெரும்பாலும் இடரன்று; உப்பும் பசியுமே இடர். அந்தப் பசி பேராசை அன்று, மருந்தின் விளைவு. அதைக் கண்டித்துப் பயனில்லை. உடம்பில் வீக்கம் இருக்கும் நாள்களில் பிரியாணியும் ஊறுகாயும் அப்பளமும் அந்த வீக்கத்தைக் கூட்டும். குழந்தைக்கு மட்டும் தனிப் பானையில் உப்பில்லாக் குழம்பு வைக்கும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. வீடு முழுவதற்கும் உப்பைக் குறைத்துச் சமைத்து, வேண்டுவோர் தம் தட்டில் சேர்த்துக்கொள்ளட்டும். பண்டிகையன்று வேறு தட்டில் உண்ணும் குழந்தைதான் தன்னை நோயாளி என்று முதலில் உணர்கிறது. 'லோ சோடியம்' என்று விற்கப்படும் உப்பை மட்டும் எங்களைக் கேளாமல் வாங்காதீர்கள். பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்திருக்கும். ஸ்டீராய்டு மாத்திரையைப் பண்டிகைப் பரபரப்பில் விட்டுவிடுவதும், நாமாகவே நிறுத்துவதும் கூடாது. ஊருக்குச் செல்வோர் மாத்திரையோடு சிறுநீர்ப் புரதம் பார்க்கும் பட்டையையும் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்ற குழந்தைகளின் பெற்றோருக்குச் சுருக்கமாகச் சொல்வேன். பச்சை முட்டை சேர்ந்த மயோனைஸ் வேண்டாம். சனிக்கிழமை இரவு வழிபாட்டுக்குச் சென்றால் இரவு மாத்திரை பையில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர இடைவெளி ஆலயத்திலும் பன்னிரண்டு மணி நேரமே. தெருவில் பச்சை, இளஞ்சிவப்பு என்று சாயம் பூசி விற்கும் கோழிக்குஞ்சுகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். பார்க்க அழகாயிருப்பினும் அவை சால்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தையும் அவற்றைக் கையாளாதிருப்பதே நல்லது. குஞ்சுகளுக்கும் அது நல்லது.

அப்படியானால் கூடையில் என்னதான் வைப்பது? முதலில் கூடை. மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகளைப்போல் ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்த கூடை இல்லை. பண்டிகை முடிந்த பின் மாத்திரைப் பெட்டியாகவும் பயன்படும். வண்ணப் பென்சில், ஒட்டுப்படத் தாள், ஒரு கதைப்புத்தகம், சோப்புக் குமிழி ஊதும் குப்பி. டயாலிசிஸ் குழந்தைக்குச் சர்க்கரை இனிப்பு ஆகாததன்று. ஜெல்லி மிட்டாயோ பஞ்சு மிட்டாயோ சிறிது வைக்கலாம். ஸ்டீராய்டு குழந்தைக்கு அதே மிட்டாயை வைக்கும்போது கை சுருங்கட்டும். ஒரே வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இருக்கும் இருவருக்கு ஒரே கூடை பொருந்தாது. ஆகையால் உங்கள் குழந்தையின் கூடையிலிருந்து பக்கத்துக் குழந்தைக்கு எதையும் நீட்டுமுன் அதன் தாயைக் கேளுங்கள்.

என் விருப்பத்தைக் கேட்டால், கூடையைக் குழந்தைக்குக் கொடுப்பதைவிடக் குழந்தையைக் கொண்டு நிரப்பச் செய்வதையே விரும்புவேன். டயாலிசிஸ் நான்கு மணி நேரம் நீளும். அந்நேரத்தில் காகித முட்டைகளை வெட்டி வண்ணம் தீட்டலாம்; ஒரு கையை அசைக்கக் கூடாதெனில் தாய் பிடித்துக்கொள்ளக் குழந்தை தீட்டும். அவற்றைத் தங்கைக்காக வீட்டில் ஒளித்துவைப்பது அண்ணனின் பொறுப்பு. எப்போதும் பிறரிடமிருந்து பெற்றே பழகிவிட்ட குழந்தைக்குக் கொடுப்பவனாகும் வாய்ப்பு அன்று கிடைக்கிறது. பண்டிகை நாளில் வார்டிலேயே தங்க நேரும் குழந்தைகளுக்காகக் காகித முட்டைகளைத் தலையணைக்கடியிலும் சன்னல் ஓரத்திலும் ஒளித்துவைக்க எங்கள் செவிலியர் இசைந்திருக்கிறார்கள். மருந்து வண்டியிலும் குழாய்களின் அருகிலும் மட்டும் வைக்க வேண்டாமென்று அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.