மார்க் குறைந்தவர்களின் குரூப்பா?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஒரே விசாரிப்புதான்: "பையன் என்ன குரூப்புங்க?" ஃபர்ஸ்ட் குரூப் என்றால் முகம் மலரும். வரலாறு, பொருளியல் என்றால் "ஏனுங்க, மார்க் பத்தலீங்களா?" என்று அனுதாபம் கிளம்பும். சமூக அறிவியல் என்பது வடிகட்டியதில் மிஞ்சிய பிள்ளைகளுக்கானது என்று எங்கள் வட்டாரம் உறுதியாக நம்புகிறது. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த உறைவிடப் பள்ளிகள் இந்த நம்பிக்கையின் மேல் ஒரு தொழிலையே கட்டியெழுப்பின. 2017இல் அரசு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. பெருமை பேசுவது நீட் மதிப்பெண்ணுக்கு மாறியது, அவ்வளவுதான்.

இந்த மண்ணை உலுக்கிய துயரங்களில் எது ஸ்டெதஸ்கோப்புக்குள் அடங்கியது?

பெண்சிசுக் கொலையை எடுத்துக்கொள்வோம். 1991 கணக்கெடுப்பில், நாமக்கல் பிரியாத சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. செத்த சிசுக்களுக்கு நோய் எதுவும் இல்லை. சீர்செனத்தியிலும் சொத்துக் கணக்கிலும் இருந்தது நோய். அதற்கு ஸ்கேன் என்ன செய்தது? கருவிலேயே கண்டுபிடித்துக் கலைக்க உதவியது. பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் கிடந்த சிசு மரணங்களைத் தொகுத்து, கொலை எந்தெந்தப் பகுதிகளில் குவிகிறது என்று 1997இல் எழுதிக் காட்டினார்கள். பதிவேடுகள் அதற்கு முன்பும் சுகாதார நிலையங்களில்தான் இருந்தன. அவற்றை ஒரு சமூகத்தின் கதையாகப் படிக்க வேறு பயிற்சி தேவைப்பட்டது.

அடுத்து எங்கள் வட்டாரத்தின் லாரித் தொழிலும் எச்.ஐ.வி.யும். எச்.ஐ.வி. சோதனைக்கான நம்பிக்கை மையத்தில் ஒரு லாரி டிரைவரின் ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். முடிவு 'பாசிட்டிவ்' என்று வந்தபின், அந்த டிரைவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வார், அவளைச் சோதனைக்கு எப்படிக் கூட்டி வருவார் என்பதில்தான் ஒரு குடும்பமே தொங்குகிறது. அங்கே உட்கார்ந்து பேசுபவர் கவுன்சலர்.

2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்த சிறுநீரகத் தரகு வெளிச்சத்துக்கு வந்தது. ரத்தப் பிரிவு பொருந்துகிறதா என்று பார்க்க ஆள் இருந்தது. இந்த ஆளுக்கு எவ்வளவு கடன், யார் கூட்டி வந்தார், தறி எத்தனை நாளாக ஓடவில்லை என்று துருவிக் கேட்பது யார் வேலை? உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பணிக்குச் சமூகப்பணியும் சமூகவியலும் படித்தவர்களையும் 2014 விதிகள் குறிப்பிடுகின்றன. நாம்தான் அவர்களை மார்க் இல்லாதவர்கள் என்கிறோம்.

"இரக்கம் இருந்தாப் போதும், இதுக்கெல்லாம் படிப்பு எதுக்குங்க?" என்பவர்களும் உண்டு. அடி தாங்காமல் ஓடிவந்த பெண்ணைப் பேசிச் சமாதானப்படுத்தி அதே வீட்டில் கொண்டுபோய் விடுபவர் பெரும்பாலும் இரக்கமுள்ள பெரியவர்தான். எதைக் கேட்பது, எதை எழுதி வைப்பது, எதை வெளியில் சொல்லாமல் காப்பது, எப்போது சட்டத்தைக் கூப்பிடுவது என்பதையெல்லாம் களத்தில் அலைந்துதான் கற்க வேண்டும். மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சென்னையில் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கியது இதற்காகத்தான். இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப் பணியாளர்களைச் சட்டமே உட்கார வைத்திருக்கிறது.

சம்பளம்? இந்த ஒரு வாதத்தில் நியாயம் இருக்கிறது. நம்பிக்கை மையக் கவுன்சலர்கள் இன்னும் ஒப்பந்தத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள். இந்த வேலைக்குத் தனித் திறமை வேண்டாம் என்று ஊரே நம்பும்போது, பணியிடத்தை நிரந்தரமாக்க எந்த அரசுக்கு அவசரம்? அதைக் கேட்டு நெருக்க வேண்டிய பெற்றோர், பிள்ளையை அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்கிறார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியலும் உளவியலும் தனித் துறைகளாகவே இருக்கின்றன. பஸ் ஏறிப் போகும் தூரம்தான்.