எல்லைப்புறத்துக் குழந்தைக்கு அரைமணி நேரம்

மூணாற்றுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டங்களில் அந்தி சாயும் வேளையில் நடந்து செல்பவர்கள், லயங்களின் தகரக் கூரைகளில் வீட்டுக்கு வீடு வானத்தை நோக்கி நிற்கும் டிஷ் ஆன்டெனாக்களைக் கண்டு, உலகத்து வித்தைகளெல்லாம் இந்தச் சிற்றறைகளுக்குள் இறங்கி வந்துவிட்டன என்று எண்ணி மகிழக்கூடும். கொழுந்தை எடை போட்டுவிட்டு, மேடும் பள்ளமுமான பாதையில் களைத்து வந்து, உடனே அடுப்பங்கரையில் குனிகிற தாய்க்கு அந்தப் பெட்டி ஒரு சகாயம். சோறு வேகும் வரையில் பிள்ளை அதன் முன்னால் அசையாது உட்கார்ந்திருக்கும். பாலக்காட்டின் கிழக்குச் சமவெளியில், கொழிஞ்சாம்பாறையிலும் எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் தோப்பு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் வீட்டிலும் இதே காட்சிதான். பெட்டி இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளையின் கண்ணிலும் காதிலும் என்ன விழுகிறது என்பதைப் பற்றி மட்டும் யாரும் சிரத்தை கொண்டதாகத் தெரியவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் வரையப்பட்டு, நகரத்து ஒலிப்பதிவுக் கூடமொன்றில் அவசரமாகத் தமிழ்க் குரல் பூசப்பட்ட சித்திரப் படங்களும், அவற்றுக்கு இடையிடையே பிஸ்கட்டுக்கும் நூடுல்ஸுக்கும் ஆசை மூட்டும் விளம்பரங்களுமே இடுக்கி, பாலக்காடு எல்லைப்புறத்துத் தமிழ்க் குழந்தைக்கு வாய்த்திருக்கும் தொலைக்காட்சிக் கல்வியாகும்.

இந்த நிலைமை, கல்வித் தொலைக்காட்சியில் நாட்டுக்கே வழிகாட்டியதென்று பெயர் பெற்ற ஒரு ராஜ்யத்தில் இருக்கிறது என்பதுதான் நம்மை எழுதத் தூண்டுகிறது. கல்விக்கென்றே 2004இல் விண்ணில் ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளைப் பயன்படுத்தி, 2005ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் ஜனாதிபதி அப்துல் கலாம் அவர்களைக் கொண்டு கேரளம் தொடங்கி வைத்த விக்டர்ஸ் திட்டம், பின்னர் முழுநேர அலைவரிசையாக வளர்ந்தது. பெருந்தொற்றினால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, 2020 ஜூன் முதல் தேதியே, ஒரு நாளும் தவறாமல், 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற பெயரில் வகுப்புகளை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தது. அந்தச் சாதனையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அதே நாட்களில், தமிழ் வழியிலும் கன்னட வழியிலும் பயிலும் குழந்தைகளின் பாடங்கள் பிரதான அலைவரிசையில் மலையாளப் பாடங்களுக்கு நிகரான ஓர் இடம் பெறாமல், பெரும்பாலும் யூடியூப் வழியாகவே சென்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதை ஓர் அற்பமான நிர்வாக வேறுபாடாக எண்ணுபவர்கள் அந்த மலைகளை அறியாதவர்கள். டிஷ் உள்ள வீட்டில் தொலைக்காட்சி தானாக வரும். யூடியூப் வரவேண்டுமானால் நல்ல கைப்பேசி வேண்டும், அதில் பணம் போட்டிருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அலை கிடைக்க வேண்டும். இராஜமலைத் தோட்டத்து மாணவர்கள் 2021இல் அலை தேடி இரவிகுளம் தேசியப் பூங்காவின் பக்கம் போய்ச் சாலையோரத்தில் உட்கார்ந்து பாடம் கேட்ட செய்தியைப் பத்திரிகைகளில் நாம் எல்லோரும் படித்தோம். அதற்கு முந்திய ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, அதே மலைப்பகுதியில் பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் புதைந்து எழுபது உயிர்கள் பறிபோனபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுக் கிடந்த அந்த இடத்திலிருந்து செய்தி வெளியே வந்து சேரவே விடிய வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்துப் பிள்ளைகளுக்குத்தான் யூடியூப் காட்டப்பட்டது. அலை தாராளமாகக் கிடைக்கும் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி கிடைத்தது.

பள்ளிப் பிள்ளைகளின் கதையாவது இவ்வளவு. பள்ளிக்கு இன்னும் போகாத, மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட சிசுக்களின் நிலை இதைவிடப் பரிதாபம். அங்கன்வாடிகள் அடைபட்டிருந்த 2020இல், பெண்கள், குழந்தைகள் அபிவிருத்தித் துறை 'கிளிக்கொஞ்சல்' என்ற அழகிய பெயரோடு ஒரு நிகழ்ச்சியை விக்டர்ஸில் வழங்கியது. கதை, பாட்டு, கைவேலை என்று அது மலையாளக் குழந்தைகளுக்கு வேண்டிய உபகாரம் செய்தது. மலையிலுள்ள தேவிகுளத்துக் கிளிகளுக்கும் சமவெளியிலுள்ள சித்தூர் தாலுகாவின் கிளிகளுக்கும் தமக்கென ஒரு கொஞ்சுமொழி உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லை போலும். அரசியல் சாசனத்தின் 350ஏ ஷரத்து மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கும் சௌகரியத்தைச் செய்து தரச் சொல்கிறது. ஆனால் மொழி முளைவிடும் பருவம் ஒன்றாம் வகுப்புக்கும் முந்தியது. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இலேயே, ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று விதித்தது. பாலுக்கும் தூக்கத்துக்கும் இடம் கொடுத்த சட்டம், அங்கே பிள்ளையின் காதில் விழும் பேச்சு என்ன பேச்சு என்று கேட்கவில்லை.

அந்தப் பேச்சைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நம்முடைய வாதம் முழுவதும் அதில்தான் நிற்கிறது. எல்லைப்புறத்துக் குழந்தை இரண்டு பாஷைகளுக்கு நடுவே, அதிலும் உடன்பிறந்தாரைப் போல முகஜாடை ஒத்த இரண்டு பாஷைகளுக்கு நடுவே வளர்கிறது. வீட்டில் அம்மா 'வெள்ளம் வருது' என்றால், அது ஆற்றங்கரையை விட்டு ஓடு என்பதாகும். அங்கன்வாடியில் டீச்சர் 'வெள்ளம்' என்றால் அது குடிக்கிற தண்ணீர். மறையூரில் காய்ச்சும் வெல்லம், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் புகழ்பெற்ற பண்டம், மலையாளத்தில் 'சர்க்கரை'. பக்கத்து லயத்துத் தமிழிலோ சர்க்கரை என்பது தேநீரில் போடும் வெள்ளைச் சீனி. பெரியவர்களாகிய நமக்கு இது சுவையான செய்தி. நான்கு வயதுப் பிள்ளைக்கோ, தான் அறிந்த சொல் அந்நியர் வாயில் வேறொன்றாக மாறிவிடுகிற கணத்தில், தனக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்ற ஒடுக்கம் உண்டாகிறது. வீட்டில் வாய் ஓயாத பிள்ளை அங்கன்வாடியில் மௌனியாகிறது. அந்த மௌனத்தை மந்தம் என்று எழுதிவைத்துவிடுகிறோம். சாமர்த்தியமுள்ள ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கையில் இந்த ஒரு 'வெள்ளம்' கிடைத்தால் போதும். அதைக் கொண்டு பிள்ளைகளை ஒரு வாரம் சிரிக்க வைக்கலாம், சிரிப்பினூடே இரண்டு மொழிகளையும் பிரித்து அறியச் செய்யலாம். வரையாடும் குறிஞ்சியும் பனைமரமும், மேற்கே ஓடாமல் கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பவானியும் என்று பாடப் பொருளுக்கும் பஞ்சமில்லை. 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி 2030இல் மறுபடி மலையை மூடும்போது, இன்று அங்கன்வாடியில் தவழ்ந்தெழும் பிள்ளைகள் பள்ளிப் பையுடன் அதைப் பார்க்கப் போகிறார்கள். அதன் பெயரையும் அதன் பன்னிரண்டு வருஷத் தவத்தையும் அவர்களுக்கு அவர்களுடைய பேச்சிலேயே சொல்ல ஒரு குரல் வேண்டாமா?

அந்தக் குரல் சென்னையிலிருந்து வரட்டுமே என்பவர்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்ட் 26ஆம் நாள் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி நற்பணி செய்கிறது. அதில் நமக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆயினும் கேரளத்துத் தமிழ் வழிப் பள்ளியின் பாடநூல் திருவனந்தபுரத்தில் தயாராவது. பாட வரிசையும் வேறு, பள்ளி வழக்குகளும் வேறு. கொழிஞ்சாம்பாறைப் பிள்ளையின் கொங்குச் சாயல் கொண்ட பேச்சும், தோட்டத்துப் பிள்ளையின் தென்பாண்டிச் சாயல் கொண்ட பேச்சும் சென்னைக் கூடத்தில் ஒலிக்கப்போவதில்லை. அன்றியும், தன் பிரஜைகளுக்குச் செய்ய வேண்டிய கடமையை அண்டை ராஜ்யம் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது கேரளத்தின் பெருமைக்கு ஏற்றதன்று.

சிறிய வட்டாரத்துக்கு அதன் வட்டார மொழியில் தொலைக்காட்சி நடத்த முடியுமா என்ற கேள்விக்கு இந்தியா ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே விடை கண்டது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, ஆறு ராஜ்யங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே ஒளிபரப்பிய 'சைட்' பரிசோதனையில், காலை வேளையில் குழந்தைகளுக்கென ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்ற நான்கு பாஷைகளுக்கும் தனித்தனியே 22½ நிமிஷம் ஒதுக்கப்பட்டது. அதே காலத்தில் குஜராத்தின் கேடா ஜில்லாவில், பீஜ் என்ற கிராமத்தில் ஒரு சிறு ஒளிபரப்பியை நிறுத்தி, ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் அந்த ஜில்லாவின் வட்டாரக் குஜராத்தியிலேயே நிகழ்ச்சிகளை எடுத்தார்கள். கிராமத்து மனிதர்களையே அவற்றில் பேசவும் நடிக்கவும் வைத்தார்கள். 1984இல் யுனெஸ்கோவின் பரிசு அந்தப் பணியைத் தேடி வந்தது. ஒரு ஜில்லாவின் பேச்சுக்காக அன்று, இத்தனை சாதனங்கள் இல்லாத காலத்தில் செய்ய முடிந்ததை, அலைவரிசையைக் கையில் வைத்துக்கொண்டு இன்று செய்ய முடியாதா?

தமிழ்க் குழந்தைகள் சொற்பம் என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 5 லட்சம். அது சொற்பமாகவே இருக்கட்டும், ஒரு நாளின் இருபத்துநான்கு மணியில் நாம் கேட்கும் அரைமணியும் சொற்பந்தான். அவர்கள் மலையாளம் கற்க வேண்டாமா என்பார்கள். கட்டாயம் கற்கவேண்டும்; தாம் வாழும் ராஜ்யத்தின் மொழியை நன்றாக, அன்போடு கற்க வேண்டும். தன் மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டு, வாய் திறந்து பழகிய பிள்ளைதான் இரண்டாம் மொழியிலும் துணிந்து வாய் திறக்கும் என்பது ஆசிரியர்களின் அன்றாட அனுபவம். திரைக்கு முன் குழந்தையை உட்கார வைப்பதே கேடல்லவா என்று கேட்பவர்களின் கவலை மற்ற இரண்டையும்விட நியாயமானது. இரண்டு வயது நிரம்பாத சிசுவுக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் சொல்லியிருக்கிறது. அதனால்தான் நாம் முழுநேர அலைவரிசை கேட்கவில்லை. அரைமணி கேட்கிறோம், அதையும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து, திரையில் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டு, பிள்ளையோடு பேசிப் பார்க்கத் தக்க அரைமணியாகக் கேட்கிறோம். விளம்பரங்களோடு மூன்று மணி நேரம் ஓடும் சித்திரப் படத்துக்கு எதிராக வைக்கப்பட வேண்டியது இதுவே.

குழந்தையோடு அதன் மொழியிலேயே பேசுவது கேரளத்துக்குப் புதிய தத்துவமும் அன்று. பழங்குடிக் குழந்தைகளுக்குத் தொலைக்காட்சி வகுப்பு விளங்கவில்லை என்று கண்டபோது, சமக்ர சிக்ஷா கேரளம் 'நமத் பாசை' என்ற திட்டத்தின் கீழ்ப் பாடங்களை அவர்களுடைய சொந்த மொழிகளில் பெயர்த்துக் கொடுத்தது. அட்டப்பாடியின் இருளர், முதுகர், குறும்பர் பிள்ளைகளும், இடமலக்குடியின் முதுவர் பிள்ளைகளும் நாம் கேட்கும் நிகழ்ச்சியில் தம் பேச்சையும் பாட்டையும் கேட்கும்படி செய்தால், அது இன்னும் உயர்ந்த காரியமாகும்.

ஆகவே விக்டர்ஸை நடத்தும் கைட் ஸ்தாபனத்தையும் கல்வித் துறையையும் நாம் வேண்டிக்கொள்வது இது: விக்டர்ஸ் அலைவரிசையிலேயே, வாரத்தில் ஐந்து நாளும், மாறாத ஒரு மணியில், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழில் அரைமணி ஒதுக்குங்கள். அதைக் காலை பத்தரைக்கு ஒரு முறை அங்கன்வாடிகளும் தோட்டத்துக் காப்பகங்களும் பார்க்கும்படியாகவும், கொழுந்து எடுக்கப் போனவர்கள் திரும்பிவிட்ட பிறகு மாலை ஆறரைக்கு இன்னொரு முறை தாயும் கூட உட்காரும்படியாகவும் ஒளிபரப்புங்கள். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அதைத் தயாரியுங்கள். உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் நடந்துவரும் 'லிட்டில் கைட்ஸ்' சங்கத்துப் பிள்ளைகள் அசைவுப் படம் செய்யவும் காமிரா பிடிக்கவும் பயிற்சி பெற்றவர்கள்; தமிழ் வழிப் பள்ளிகளின் சங்கங்களைத் தம் ஊர்ப் பாட்டிமாரின் கதைகளையும் தாலாட்டையும் விடுகதைகளையும் பதிவு செய்யச் சொன்னால், முதல் ஆண்டுக்கான சரக்கு சில மாதங்களில் சேர்ந்துவிடும். 2020இல் வீட்டுச் சுவரைக் கரும்பலகையாக்கிக்கொண்டு, கைப்பேசியைப் புத்தக அடுக்கின்மேல் சாத்தி வைத்துத் தமிழ்ப் பாடங்களைப் பதிவு செய்த ஆசிரியைகளும் ஆசிரியர்களும் இன்றும் அதே பள்ளிகளில் இருக்கிறார்கள். அழைத்தால் வருவார்கள். அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் அவர்களை அழையுங்கள்.